துளையிடுபவரின் காது: ஆழ்கடல் எண்ணெய்க் கிணறும் செயற்கை நுண்ணறிவும்

போன கோடையில் மேலூர் பக்கம் சொந்தக்காரர் ஒருவர் தோட்டத்தில் போர் போட்டார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வண்டி வந்தது. திருச்செங்கோட்டு வண்டி. கேசிங் பைப் இறக்கி, பாறை தட்டி, நானூறு அடி தாண்டியபோது மணி இரண்டு. புழுதியில் துண்டைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். லீவரில் கை வைத்திருந்த டிரில்லருக்கு முப்பது வயதுகூட இருக்காது. திடீரென்று அழுத்தத்தைக் குறைத்து, ராடை ரெண்டு அடி மேலே தூக்கி, காற்றை மட்டும் விட்டுக்கொண்டு நின்றார். தூசியின் நிறம் மாறவில்லை, ஈரமும் அடிக்கவில்லை.

"ஏன் தம்பி நிறுத்திட்டீங்க?"

"சத்தம் மாறுது சார். கீழ ஒடஞ்ச பாறையா இருக்கு. இப்படியே அமுக்குனா ஹேமர் மாட்டிக்கும். அப்புறம் ராடு, ஹேமரு எல்லாம் உள்ளேயே போயிரும்."

எனக்கு எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் கேட்டது.

சில வாரம் கழித்து ஆபீஸில் ஒரு நண்பர் ஒரு செய்தியை அனுப்பினார். ஆழ்கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் வேலையை இனி ஏஐ பார்த்துக்கொள்ளும், டிரில்லரே தேவைப்படாது என்ற தொனியில் இருந்தது. உடனே அந்த மேலூர் பையன்தான் ஞாபகத்துக்கு வந்தார். அவர் காது செய்த வேலையை மென்பொருள் செய்யுமா? செய்தால், "நிறுத்து" என்று சொல்லும் உரிமை யாரிடம் இருக்கும்? அன்றிலிருந்து கிடைத்த நேரத்தில் எல்லாம் இதைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். படித்ததில் எனக்குப் புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மதுரைக்கு அடியில் எண்ணெய் இல்லை. நாம் உட்கார்ந்திருப்பது பழைய கெட்டிப் பாறை மேல். கிழக்கே சிவகங்கை தாண்டினால்தான் படிவுப் பாறை ஆரம்பிக்கிறது. ராமநாதபுரத்தில் ஓ.என்.ஜி.சி. எரிவாயு எடுக்கிறது. அதையும் தாண்டினால் மன்னார் வளைகுடா. அங்கே என்ன நடக்கிறது என்பதை கடைசியில் பார்ப்போம்.

எவ்வளவு ஆழம்?

2013-ல் ஓ.என்.ஜி.சி. இந்தியாவின் கிழக்குக் கடலில் 3,165 மீட்டர் தண்ணீர் ஆழத்தில் ஒரு கிணறு தோண்டியது. அந்தச் சமயத்தில் அது உலக சாதனை. தோண்டிய கப்பல் டிரான்ஸ்ஓஷன் கம்பெனியின் 'திருபாய் டீப்வாட்டர் கேஜி1'. பிற்பாடு 2016-ல் உருகுவேயிலும் 2021-ல் அங்கோலாவிலும் அந்தச் சாதனை முறியடிக்கப்பட்டது.

3,165 மீட்டர் என்பது தண்ணீரின் ஆழம் மட்டும்தான். அதற்குக் கீழேதான் கிணறே ஆரம்பிக்கும். மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் சுமார் 52 மீட்டர் உயரம். ஒன்றின் மேல் ஒன்றாக அறுபது கோபுரம் அடுக்கினால் வரும் ஆழம் இது. அந்த ஆழத்துக்கு ஐந்தரை அங்குலக் குழாயை இறக்குகிறார்கள். குழாயின் பருமனை ஒரு தலைமுடி அளவுக்குச் சுருக்கினால், அந்த முடி ஓர் ஆள் உயரத்துக்குத் தொங்கும். மேலே அலையில் ஆடும் கப்பலில் இருந்து அந்த முடியின் நுனியைச் சுழற்றிப் பாறையைக் குடைய வேண்டும். டிரில்லருக்குக் கீழே நடப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. மேலூர் பையனுக்குக் கேட்ட சத்தம்கூட அவருக்குக் கேட்காது.

எனவே இந்தத் தொழிலில் தானியக்கம் என்பது நேற்று வந்த ஆடம்பரம் இல்லை. முதல் நாளிலிருந்தே அது இல்லாமல் ஆழ்கடலுக்குப் போக முடியவில்லை.

முதல் பிரச்சினை: கப்பல் ஒரே இடத்தில் நிற்க வேண்டும்

ஆழம் குறைந்த கடலில் ரிக்குக்குக் கால் ஊன்றலாம். 1974-ல் மும்பைக்கு மேற்கே பாம்பே ஹை எண்ணெய் வயலைக் கண்டுபிடித்த 'சாகர் சாம்ராட்' அப்படித்தான் கால் ஊன்றி நின்றது. கொஞ்சம் ஆழம் கூடினால் நங்கூரம் போடலாம். ஆனால் ரெண்டு மூன்று கிலோமீட்டர் ஆழம் என்றால் நங்கூரமும் நடைமுறைக்கு ஒத்துவராது.

இதற்கு விடை கிடைத்தது எண்ணெய்க்காரர்களிடம் இல்லை, பூமி விஞ்ஞானிகளிடம். 1961-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் 'மோஹோல்' என்றொரு திட்டத்துக்காகக் கடலில் துளைக்க இறங்கினார்கள். பூமியின் மேலோட்டைத் துளைத்துக் கீழே இருக்கும் மூடகம் வரை போவதுதான் இலக்கு. 'கஸ் 1' என்ற கப்பலை மெக்சிகோவின் குவாடலூப் தீவுக்குப் பக்கத்தில் சுமார் 3,500 மீட்டர் ஆழக் கடலில் நிறுத்தினார்கள். சுற்றிலும் மிதவைகள். கப்பலின் நாலு மூலையிலும் திருப்பக்கூடிய டீசல் உந்திகள். ரேடாரிலும் சோனாரிலும் மிதவைகளைப் பார்த்துப் பார்த்து, ஓர் ஆள் கையாலேயே நெம்புகோலைத் திருப்பி, கப்பலை இடம் நகராமல் பிடித்துக்கொண்டிருந்தார். வில்லார்ட் பாஸ்கம் தலைமையில் நடந்த அந்தச் சோதனையில் கடல் தரைக்குக் கீழே 183 மீட்டர் வரை துளைத்தார்கள்.

அதே வருஷம் ஷெல் கம்பெனியின் 'யுரேகா' கப்பல் அந்த ஆளின் வேலையை இயந்திரத்திடம் கொடுத்தது. ஹோவர்ட் ஷாட்டோ என்ற பொறியாளர் வடிவமைத்த முறை எளிமையானது. கப்பலிலிருந்து கடல் தரைக்கு இறுக்கமாக ஒரு கம்பியைக் கட்டினார்கள். கம்பி எந்தப் பக்கம் எத்தனை பாகை சாய்கிறது என்று அளந்தால், கப்பல் எவ்வளவு விலகியிருக்கிறது என்று தெரியும். அந்த அளவை வைத்து உந்திகளைத் தானாக இயக்கினார்கள். எடுத்த எடுப்பில் நாம் எழுதும் பின்னூட்டக் கட்டுப்பாடு, அதாவது பிழையை அள, பிழைக்கு எதிராகத் தள்ளு, மறுபடியும் அள. அவ்வளவுதான்.

மோஹோல் திட்டம் பாதியில் நின்றுபோனது. ஆனால் அந்தத் தொழில்நுட்பம் நிற்கவில்லை. 1968-ல் புறப்பட்ட 'குளோமர் சேலஞ்சர்' கப்பலில் கம்ப்யூட்டரே கப்பலை இடத்தில் நிறுத்தியது. அது 1972-ல் நம் வங்காள விரிகுடாவுக்கும் வந்து, கங்கை கொண்டுவந்து கொட்டிய வண்டலைத் துளைத்துப் பார்த்தது.

இந்தப் பகுதியை நீட்டி எழுதக் காரணம் உண்டு. 60 வருஷமாக ஆழ்கடலில் கப்பலை நிறுத்தி வைத்திருப்பது ஓர் அல்காரிதம்தான். யாரும் அதை எதிர்க்கவில்லை. ஏனென்றால் அதன் தவறு உடனே தெரியும். கப்பல் நகர்ந்தால் நகர்ந்ததுதான். வரம்பு மீறி நகர்ந்தால் குழாயைத் துண்டித்துக்கொண்டு விலகிவிட வேண்டும் என்ற விதியும் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. கிணற்றுக்கு உள்ளே நடப்பது அப்படி இல்லை.

இரண்டாவது பிரச்சினை: கீழே என்ன நடக்கிறது?

பழைய ரிக்குகளில் குழாயை ஒன்றோடு ஒன்று திருகுவது மனிதக் கை. சங்கிலி சுற்றி இழுக்கும்போது விரல் போனவர்கள் எத்தனையோ பேர். 1970-களில் 'அயர்ன் ரஃப்நெக்' என்ற இயந்திரம் வந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டது. 1982-ல் 'டாப் டிரைவ்' வந்தது. குழாயைத் தரை மட்டத்திலிருந்து சுழற்றாமல் மேலிருந்தே மோட்டார் வைத்துச் சுழற்றும் முறை இது. இந்த ரெண்டும் வந்ததில் கைகால் தப்பியது. இதைப் பற்றி எந்த டிரில்லரும் குறை சொல்லி நான் படித்ததில்லை.

அடுத்தது தகவல். கிணற்றின் அடியில் இருக்கும் கருவியிலிருந்து மேலே சேதி எப்படி வரும்? வயர் கிடையாது. பாறைக்குள் ரேடியோ போகாது. குழாய்க்குள் ஓடும் சேற்றுக் குழம்பில் அழுத்த அலையை உண்டாக்கி, அதையே சமிக்ஞையாக அனுப்பினார்கள். 1978 வாக்கில் இது வணிகத்துக்கு வந்தது. வேகம் நொடிக்கு ஒரு பிட், கொஞ்சம் நன்றாக இருந்தால் பத்து இருபது பிட். இந்த வேகத்தில் ஒரு வாட்ஸப் போட்டோ வந்து சேர நாள் கணக்கில் ஆகும்! 2000-களின் நடுவில் குழாய்க்குள்ளேயே கேபிள் பதித்த 'வயர்டு பைப்' வந்தபோது வேகம் நொடிக்கு 57,000 பிட் ஆனது. நான் காலேஜ் முடித்த சமயத்தில் வீட்டில் வைத்திருந்த டயல்-அப் மோடத்தின் வேகம். அதுவே இந்தத் தொழிலில் புரட்சி என்று பேசப்பட்டது. விலை காரணமாகப் பெரும்பாலான கிணறுகள் இன்றும் சேற்று அலையைத்தான் நம்புகின்றன.

ஏஐ என்று பேசும்போது இதை மறந்துவிடுகிறோம். மாடல் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், அடியிலிருந்து அதற்குக் கிடைக்கும் தகவல் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது.

1983-லேயே ஒரு ஏஐ

படிக்கும்போது என்னை நிமிர்ந்து உட்கார வைத்த விஷயம் இது. எண்ணெய்க் கிணற்றுக்கு ஏஐ என்பது சாட்ஜிபிடி காலத்துச் சங்கதி இல்லை. 1980-களின் தொடக்கத்திலேயே 'டிரில்லிங் அட்வைசர்' என்றொரு நிபுணர் அமைப்பு இருந்தது. பிரான்சின் எல்ஃப் அக்கிடேன் எண்ணெய்க் கம்பெனிக்காக அமெரிக்காவின் டெக்நாலெட்ஜ் கம்பெனி உருவாக்கியது.

வேலை என்ன தெரியுமா? மேலூர் பையன் பயந்த அதே விஷயம்தான். கிணற்றுக்குள் குழாய் மாட்டிக்கொண்டால் ஏன் மாட்டியது, எப்படி விடுவிக்கலாம், இனி மாட்டாமல் இருக்க என்ன செய்யலாம் என்று சொல்வது. எல்ஃப் கம்பெனியில் இதில் கைதேர்ந்த ஆட்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள். ஒரு ரிக்கில் குழாய் மாட்டினால் அவரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அவர் வந்து சேரும் வரை ரிக் சும்மா நிற்கும், வாடகை மட்டும் ஓடும். அதனால் அப்படிப்பட்ட ஓர் அனுபவசாலியை உட்கார வைத்துப் பேசிப் பேசி, அவர் தலையில் இருந்ததை "இப்படி இருந்தால் இப்படி" என்ற விதிகளாக எழுதினார்கள்.

இன்னொரு சுவாரசியம். அந்த விதிகளை ஓட்டிய மென்பொருளின் பூர்வீகம் மருத்துவம். ரத்தத்தில் என்ன கிருமித் தொற்று என்று கண்டறிய ஸ்டான்ஃபோர்டில் 1970-களில் எழுதப்பட்ட 'மைசின்' என்ற நிரலிலிருந்து மருத்துவ அறிவை எடுத்துவிட்டு, வெறும் கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு, அதில் பாறை அறிவை ஊற்றினார்கள். நோயாளிக்குப் பதில் கிணறு.

அந்தத் தலைமுறை நிபுணர் அமைப்புகள் பெரும்பாலும் காணாமல் போய்விட்டன. விதி கூடக் கூடப் பராமரிக்க முடியவில்லை. எழுதப்படாத சூழ்நிலை வந்தால் திணறின. ஆனால் அவற்றிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. "ஏன் அப்படிச் சொல்கிறாய்?" என்று கேட்டால் எந்த விதியால் அந்த முடிவுக்கு வந்தேன் என்று காட்டும். இன்றைய மாடல்களிடம் நாம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருப்பது அதைத்தான்.

திரையில் இருந்தது, கண்ணில் படவில்லை

2010 ஏப்ரல் 20. மெக்சிகோ வளைகுடாவில் 1,500 மீட்டர் தண்ணீருக்கு மேல் மிதந்துகொண்டிருந்த 'டீப்வாட்டர் ஹொரைசன்' ரிக். ஏழு மாதம் முன்புதான் அன்றைய உலகின் மிக ஆழமான எண்ணெய்க் கிணற்றைத் தோண்டிப் பெயர் வாங்கியிருந்தது. இப்போது பி.பி.யின் மக்கோண்டோ கிணற்றைத் தோண்டி முடித்துவிட்டு மூடிக் கிளம்பும் வேலையில் இருந்தது.

கிளம்புவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. கிணற்றுக்குள் அழுத்தத்தை வேண்டுமென்றே குறைத்துப் பார்ப்பார்கள். சிமெண்ட் சரியாகப் பிடித்திருந்தால் கிணறு அமைதியாக இருக்கும். அன்று ஒரு குழாயில் அழுத்தம் பூஜ்யம். இன்னொன்றில் 1,400 பி.எஸ்.ஐ. ரெண்டும் கீழே ஒரே கிணற்றில்தான் இணைந்திருக்கின்றன, ஒரே பதிலைத்தான் காட்ட வேண்டும். ரிக்கில் இருந்தவர்கள் இந்த 1,400-க்கு ஒரு விளக்கம் கண்டுபிடித்தார்கள், அதற்கு 'பிளாடர் எஃபெக்ட்' என்று பெயரும் இருந்தது. பூஜ்யம் காட்டிய குழாயை நம்பி, சோதனை வெற்றி என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்கள்.

இரவு 9 மணி 8 நிமிடத்துக்கு பம்ப் நிறுத்தப்பட்டது. பம்ப் நின்றால் அழுத்தம் ஏறக்கூடாது. அடுத்த ஐந்தரை நிமிடத்தில் சுமார் 250 பி.எஸ்.ஐ. ஏறியது. கீழே எரிவாயு உள்ளே வந்துகொண்டிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. அந்தக் கோடு திரையில் இருந்தது. பதிவாகியும் இருக்கிறது, விசாரணைக் கமிஷன் அதை வைத்துத்தான் நிமிட வாரியாக எழுதியது. யாரும் கவனிக்கவில்லை. 9 மணி 49 நிமிடத்துக்கு வெடித்தது. 11 பேர் இறந்தார்கள். 87 நாள் எண்ணெய் கடலில் கொட்டியது.

ஒரு சாதாரண இஃப் கண்டிஷன் போதும் இதைப் பிடிக்க: பம்ப் நின்றிருக்கிறது, அழுத்தம் ஏறுகிறது, மணி அடி. தேசியக் கமிஷனின் அறிக்கையும் கிட்டத்தட்ட இதைத்தான் கேட்டது. இவ்வளவு பெரிய ரிக்கில், ஒரு மனிதர் பல மணி நேரம் திரையில் ஓடும் கோடுகளைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருப்பார் என்று நம்பித்தான் பாதுகாப்பு அமைந்திருந்தது.

அப்படியானால் அலாரம் வைத்தால் சரியாகிவிடுமா? இங்கேதான் இன்னொரு சாட்சியம். அந்த ரிக்கின் தலைமை மின்னணுத் தொழில்நுட்பவியலாளர் விசாரணையில் சொன்னார்: எரிவாயுவோ நெருப்போ தென்பட்டால் தானாக ஊத வேண்டிய பொது அபாயச் சங்கை, தானாக ஊதாதபடி முடக்கி வைத்திருந்தார்கள். காரணம், பொய் அலாரம் அடித்து ராத்திரி மூன்று மணிக்கு ஆட்களை எழுப்பிவிடக் கூடாது என்பது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வரவில்லை, ஆச்சரியமும் வரவில்லை. சர்வர் பராமரிப்பில் இருந்த எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். தினம் அம்பது பொய் அலர்ட் வந்தால், ஆறாவது நாள் யாராவது ஒருத்தர் அதை மியூட் செய்வார். நானே செய்திருக்கிறேன். என் தவறுக்கு ஒரு வெப்சைட் ரெண்டு மணி நேரம் படுத்தது, அவ்வளவுதான்.

கடலில் பொய் அலாரம் அதிகமாக வருவதற்கும் நியாயமான காரணம் உண்டு. கிணற்றுக்குள் அனுப்பிய சேறு எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு என்று ஒப்பிட்டுத்தான் எரிவாயு உள்ளே புகுந்ததைக் கண்டுபிடிக்கிறார்கள். உள்ளே போனதைவிட அதிகமாக வெளியே வந்தால் ஆபத்து. ஆனால் மிதக்கும் ரிக் அலைக்கு ஏறி இறங்கும்போது தொட்டியில் சேற்றின் மட்டமும் ஆடும். கிரேன் ஒரு சுமையைத் தூக்கினால் ரிக் லேசாகச் சாய்ந்து அளவு மாறும். இந்த ஆட்டத்துக்கு நடுவே உண்மையான மாற்றத்தைப் பிரித்து எடுப்பதுதான் வித்தை. என்னைக் கேட்டால், ஏஐக்கு இந்தத் தொழிலில் இருக்கும் மிக நல்ல வேலை இதுதான்: டிரில்லரை வீட்டுக்கு அனுப்புவது அல்ல, பொய் அலாரத்தைக் குறைத்து, மிச்சம் அடிக்கும் மணியை அவர் நம்பும்படி செய்வது.

கடைசிக் காவலாகக் கடல் தரையில் ஒரு பெரிய வால்வுக் கோபுரம் இருந்தது, 'பிளோஅவுட் பிரிவென்டர்'. மேலே தொடர்பு அறுந்தால் அது தானாகக் குழாயை வெட்டி மூட வேண்டும். கட்டுப்பாட்டுக்கு ரெண்டு பெட்டிகள், ஒன்று போனால் இன்னொன்று. அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம் 2014-ல் வெளியிட்ட அறிக்கை சொல்வது: நீலப் பெட்டியில் தப்பாக வயர் இணைத்ததால் பேட்டரி வடிந்து அது செயலற்றுக் கிடந்தது. மஞ்சள் பெட்டியிலும் ஒரு சுருளில் வயர் தலைகீழ். ரெண்டு சுருளும் ஒன்றையொன்று எதிர்த்து அதுவும் வேலை செய்யாமல் போயிருக்க வேண்டும். ஆனால் அங்கே ஒரு பேட்டரி செத்திருந்ததால் ஒரு சுருள் மட்டும் இயங்கி வால்வு திறந்துவிட்டது. ஒரு தப்பை இன்னொரு தப்பு சரி செய்தது! அப்படியும் பயனில்லை. குழாய் உள்ளே வளைந்து ஓரமாக ஒதுங்கியிருந்தது. கத்தி அதை முழுசாக வெட்டாமல் குத்திக் கிழித்தது.

ரெண்டு பெட்டி இருப்பதால் பாதுகாப்பு ரெட்டிப்பு என்று வரைபடத்தில் இருக்கும். யாராவது இறங்கிச் சோதித்துப் பார்த்தார்களா என்பது வரைபடத்தில் இருக்காது.

இப்போது எங்கே நிற்கிறோம்?

1965-ல் ஆர். டீல் என்பவர் ஓர் எளிய அளவைச் சொன்னார். ஒரு கன அளவு பாறையை எடுக்க எவ்வளவு ஆற்றல் செலவாகிறது? ஆற்றல் கூடுகிறது, ஆனால் வேகம் கூடவில்லை என்றால், பிட் மழுங்கிவிட்டது அல்லது குழாய் வீணாக அதிர்கிறது. நாற்பது வருஷம் கழித்து 2000-களில் எக்ஸான்மோபில் இதை ரிக்கில் நேரடியாகத் திரையில் காட்டி டிரில்லர்களைப் பழக்கியது. இன்றைய தானியங்கி மென்பொருள்கள் பலவற்றுக்கும் இதுதான் வழிகாட்டி. எடையைக் கொஞ்சம் கூட்டு, சுழற்சியைக் கொஞ்சம் மாற்று, ஆற்றல் குறைந்ததா பார், மறுபடியும் செய். மனிதர் அலுத்துவிடுவார், மென்பொருள் அலுக்காது.

2021-ல் அமெரிக்காவின் பெர்மியன் தரை வயலில் நேபர்ஸ் கம்பெனி ரோபோக்களே குழாயைத் திருகும் ரிக்கை ஓட்டியது. 2023-ல் பிரேசில் கடலில் எக்வினாரின் பெரெக்ரினோ சி மேடையில் 2.6 கிலோமீட்டர் தூரத்தில் 99 சதவீதத்தைத் தானியங்கி முறையிலேயே தோண்டியதாக எஸ்.எல்.பி. அறிவித்தது. வேகமும் நன்றாகக் கூடியதாம். செய்தவர்களே சொன்ன கணக்கு என்பதையும், அது ஆழ்கடல் அல்ல என்பதையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் திசை தெளிவு.

எனக்கு உறுத்துவது அந்த மீதி ஒரு சதவீதம். சாதாரணப் பாறையில் வேகமாகப் போவதற்கு ஆயிரக்கணக்கான கிணறுகளின் தரவு இருக்கிறது, மாடல் அருமையாகக் கற்றுக்கொள்ளும். ஆனால் மக்கோண்டோ மாதிரி நிகழ்வுகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஒவ்வொன்றும் வேறு காரணத்தால் நடந்தது. எதில் தவறினால் உயிர் போகுமோ, அதில்தான் கற்பதற்குத் தரவு இல்லை.

இன்னொன்று, நன்றாகத் தோண்டுவது வேறு, கீழே இருப்பதைத் தெரிந்துகொள்வது வேறு. கிருஷ்ணா-கோதாவரி படுகையில் கேஜி-டி6 வயலில் 2009 ஏப்ரலில் எரிவாயு உற்பத்தி தொடங்கியது. ஒரு வருஷத்துக்குள் நாளொன்றுக்கு 6 கோடி கன மீட்டரைத் தாண்டியது. பிறகு சரசரவென்று விழுந்தது. இருப்பு மதிப்பீட்டையே மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்க வேண்டியிருந்தது. கிணற்றில் தப்பில்லை, பூமியைப் பற்றி நாம் வைத்திருந்த மாடல் தப்பு. நிலத்திலும் அந்தப் படுகை நமக்குப் பாடம் நடத்தியிருக்கிறது. 1995 ஜனவரியில் பாசர்லபூடியில் ஓ.என்.ஜி.சி. கிணறு ஒன்று வெடித்து 65 நாள் எரிந்தது.

நம் பக்கத்துக் கடல்

2011-ல் மன்னார் படுகையின் இலங்கைப் பக்கத்தில், சுமார் 1,350 மீட்டர் தண்ணீர் ஆழத்தில் கெய்ர்ன் கம்பெனி கிணறு தோண்டி எரிவாயு கண்டது. 'டொராடோ' என்று பெயர். அடுத்த மாதமே 'பராகுடா' என்ற இன்னொரு கிணற்றிலும். தோண்டியது ஜப்பானின் 'சிக்யூ', விஞ்ஞான ஆய்வுக்காகக் கட்டிய கப்பல், மோஹோல் கனவின் நேரடி வாரிசு. வணிக உற்பத்தி வரவில்லை, கம்பெனி பிற்பாடு விலகிவிட்டது.

இந்தியப் பக்கத்திலும் மன்னார் வளைகுடாவை ஒட்டிய ஆழ்கடல் பகுதிகள் ஏலத்துக்கு வந்திருக்கின்றன. 2025 மார்ச்சில் அதை விலக்கச் சொல்லி முதல்வர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 21 தீவுகள், பவளப் பாறைகள், கடற்புல், அதை மேயும் கடற்பசு, இதை நம்பிப் பிழைக்கும் பாம்பன், கீழக்கரை, தூத்துக்குடி மீனவர்கள். தோண்டலாமா கூடாதா என்பது பெரிய விவாதம். என் பங்குக்கு நான் சொல்ல நினைப்பது அதில் ஒரு சின்னப் பகுதியைப் பற்றி மட்டும்.

நாளைக்கு அங்கே ஒரு கப்பல் வந்தால், "ஏஐ இருக்கிறது, அதனால் பாதுகாப்பு" என்ற வாக்கியம் நிச்சயம் வரும். அப்போது கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. முடக்கப்பட்ட அலாரங்களின் பட்டியலைக் கப்பலுக்கு வெளியே இருக்கும் யார் பார்க்கிறார்கள்? மென்பொருள் "நிறுத்து" என்று சொல்லி மனிதர் தொடர்ந்தாலும், மனிதர் "நிறுத்து" என்று சொல்லி மென்பொருள் தொடர்ந்தாலும், அது எங்கே பதிவாகிறது? 2016-ல் அமெரிக்கா, ஆழ்கடல் கிணற்றுத் தரவை நிகழ்நேரத்தில் கரைக்கு அனுப்பிக் கண்காணிக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. மக்கோண்டோவுக்குப் பின், உரிமம் கொடுத்துப் பணம் வசூலிக்கும் அமைப்பும் பாதுகாப்பைப் பார்க்கும் அமைப்பும் ஒன்றாக இருக்கக் கூடாது என்று பழைய துறையையே பிரித்தது. நம்மிடம் 2008-ல் வந்த கடல்சார் பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன, அதைப் பார்த்துக்கொள்வது எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம். ஆனால் அந்த இயக்ககம் இருப்பது, உற்பத்தியைக் கூட்டு என்று சொல்லும் அதே பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ். இதை எந்த மாடலாலும் சரி செய்ய முடியாது.

மேலூர் கதையை முடித்துவிடுகிறேன். அந்தத் தம்பி கால் மணி நேரம் காற்று விட்டுச் சுத்தம் செய்து, மெதுவாக இறக்கினார். தோட்டக்காரருக்குப் பொறுமை இல்லை. அடிக் கணக்கில்தான் கூலி, ஆனாலும் விடிவதற்குள் முடிய வேண்டும் என்ற அவசரம் அவருக்கு. "ஏன்ப்பா சும்மா நிக்கிற, போட வேண்டியதுதானே?" என்றார்.

"என் வண்டிண்ணே, என் ராடு. நான் சொல்றப்பதான் இறக்குவேன்" என்றார் டிரில்லர்.

540 அடியில் ஈரம் அடித்தது. ஒன்றரை இஞ்சுத் தண்ணீர். நல்ல தண்ணீர்தான், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.